குறைமாதப் பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசி எதற்கு?

“கையளவு புள்ளைத்தா இது. இதுக்குப் போயி ஊசியா?”

என் தங்கச்சியின் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், கேட்ட கேள்வி இது. பிள்ளை 32 வாரத்தில் பிறந்திருந்தான். எடை 1,350 கிராம். ஊருக்குப் பக்கத்துச் சின்ன மருத்துவமனையில் பிறந்தவனை 108 வண்டியில் ஏற்றி ராமநாதபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தோம். உள்ளே பிள்ளையின் உடம்புச்சூட்டைக் காக்கும் வார்மரில் படுக்கவைத்த கையோடு செவிலியர் வெளியே வந்தார். “பிறந்த இடத்துல வைட்டமின் கே போட்டாங்களா?” என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கொண்டுபோன சீட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். வைட்டமின் ஏ, சி பற்றியெல்லாம் வகுப்பில் விரிவாகப் பேசுவோம். கே என்று வந்தால் ‘ரத்தம் உறைய உதவும்’ என்ற ஒரு வரியோடு பாடம் நகர்ந்துவிடும். அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை அன்றிரவு வராந்தாவில் அத்தைக்குச் சொல்லத் தொடங்கினேன். பிறகு தேடிப் படித்து, மருத்துவர்களிடம் கேட்டு, தெளிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். குறைமாதத்தில் பிள்ளை பெற்ற வீட்டார் யாராவது இதைப் படித்தால் அதுவே எனக்குப் போதும்.

முள் இல்லாத தூண்டில்

பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். பாறையும் சிப்பியும் விரலைக் கிழித்துவிடும். கிழித்தாலும், கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடுகிறது. நிறுத்தியது எது?

முதலில் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தட்டணுக்கள் காயம்பட்ட இடத்தில் வந்து ஒட்டி அடைக்கின்றன. அது தற்காலிக அடைப்புதான். அதன் மேல் ஃபைப்ரின் என்ற நார்கள் பின்னி ஒரு வலை விழுகிறது. உவமைக்காக வலை என்று சொல்லவில்லை. நுண்நோக்கியில் பார்த்தால் அது உண்மையிலேயே வலைபோலத்தான் தெரியும். ரத்த அணுக்கள் அதில் சிக்கிக்கொள்ள, உறைவு கெட்டிப்படுகிறது.

இந்த வலை தானாக விழாது. ரத்தத்தில் சில புரதங்கள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். காயம் பட்டதும் ஒன்று விழித்து அடுத்ததை எழுப்ப, அது அதற்கடுத்ததை எழுப்ப, வரிசையாக வேலை நடந்து கடைசியில் வலை பின்னப்படுகிறது. இவற்றுக்கு உறைவுக் காரணிகள் என்று பெயர். எண் போட்டு அழைப்பார்கள். அவற்றில் 2, 7, 9, 10 ஆகிய நான்கையும் கல்லீரல் உருவாக்குகிறது. உருவாக்கி முடித்த பிறகு, அவற்றில் ஒரு சிறு வேதித் திருத்தம் நடக்க வேண்டும். அந்தத் திருத்தம் நடந்தால்தான் அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, காயம்பட்ட இடத்தில் போய் ஒட்ட முடியும். அந்தத் திருத்தத்துக்குத்தான் வைட்டமின் கே வேண்டும்.

அத்தைக்கு நான் இப்படிச் சொன்னேன்: “தூண்டில் கயிறு இருக்கு, நீளமும் சரியா இருக்கு. முள்ளு மட்டும் கட்டலை. எவ்வளவு கயிறு விட்டாலும் மீன் மாட்டுமா?” வைட்டமின் கே இல்லாத உடம்பிலும் கல்லீரல் புரதங்களைச் செய்துகொண்டேதான் இருக்கும். அத்தனையும் முள் இல்லாத தூண்டில்.

இந்த வைட்டமின் கண்டுபிடிக்கப்பட்டதே ரத்தம் உறையாத கோழிக்குஞ்சுகளால்தான். டென்மார்க்கில் ஹென்ரிக் டாம் என்ற விஞ்ஞானி 1929 வாக்கில் கொழுப்பு நீக்கிய தீவனம் கொடுத்துக் குஞ்சுகளை வளர்த்தார். அவற்றுக்குத் தோலடியிலும் தசையிலும் ரத்தம் கசிந்தது. அதைத் தடுக்கும் ஏதோ ஒரு பொருள் தீவனத்தில் விடுபட்டிருக்கிறது என்று புரிந்து, 1935-ல் அதற்கு வைட்டமின் கே என்று பெயர் வைத்தார். உறைவதைக் குறிக்கும் சொல் அவர்கள் மொழியில் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும். அமெரிக்காவின் எட்வர்ட் டாய்சி இதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். 1943-ம் ஆண்டுக்கான நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

பிறக்கும்போதே இருக்கும் குறை

பெரியவர்களுக்கு இந்த வைட்டமின் அவ்வளவு எளிதில் குறையாது. முருங்கைக்கீரையிலும் மற்றக் கீரைகளிலும் நிறைய இருக்கிறது. நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களும் கொஞ்சம் உண்டாக்குகின்றன.

பச்சிளங்குழந்தையின் கதை வேறு. தாயின் உடம்பிலிருந்து நஞ்சுக்கொடி வழியாக எத்தனையோ சத்துகள் பிள்ளைக்குப் போகின்றன. வைட்டமின் கே மட்டும் மிகமிகக் கொஞ்சமாகத்தான் கடக்கிறது. தாய் எவ்வளவு நன்றாகச் சாப்பிட்டிருந்தாலும் இப்படித்தான். பிறந்த பிள்ளையின் குடலில் இன்னும் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்காது. தாய்ப்பாலிலும் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1 முதல் 4 மைக்ரோகிராம் வரைதான் இருக்கும். ஆக, ஒன்பது மாதம் நிறைந்து, மூன்று கிலோ எடையோடு பிறந்த பிள்ளைக்கும் இந்தக் குறை உண்டு. அதனால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஊசி.

37 வாரம் முடியாமல் பிறந்தால் குறைமாதம். அப்படிப் பிறந்த பிள்ளைக்கு இந்தக் குறையின் மேல் இன்னும் சில குறைகள் ஏறிக்கொள்கின்றன. கல்லீரல் பக்குவப்படாததால் உறைவுப் புரதங்களையே குறைவாகத்தான் செய்கிறது. உறிஞ்சிக் குடிக்கத் தெம்பிருக்காது. குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக மில்லி கணக்கில் பால் போகும், சில நாள் அதுவும் இராது. கிருமித்தொற்றுக்குப் பயந்து ஆன்டிபயாடிக் கொடுக்கும்போது, குடலில் குடியேற வந்த நல்ல பாக்டீரியாக்களும் அழிந்துபோகும். போதாக்குறைக்கு, மூளைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் நூலாம்படை போல மெல்லியவை.

கையளவு பிள்ளைக்கு ஊசியா என்று கேட்டார்கள் அல்லவா? அவன் கையளவாக இருப்பதால்தான் அந்த ஊசி அவனுக்கு மற்றப் பிள்ளைகளைவிட அவசரமாக வேண்டியிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். குறைமாதப் பிள்ளைகளுக்கு மூளைக்குள் ஏற்படும் எல்லா ரத்தக்கசிவையும் இந்த ஊசி தடுத்துவிடாது. அந்தக் கசிவுக்குக் குழாய்களின் மென்மை, ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கம் என்று வேறு காரணங்கள் இருக்கின்றன. வைட்டமின் கே குறைவால் வரும் கசிவைத்தான் இது தடுக்கும். ஊசி போட்ட பிறகும் தலை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

கசிவு எப்போது வரும்?

பச்சிளங்குழந்தைகளுக்கு இப்படி ரத்தம் கசிவதை 1894-லேயே பாஸ்டன் நகரத்து மருத்துவர் சார்லஸ் டவுன்சென்ட் எழுதிவைத்திருக்கிறார். காரணம் தெரியாத காலம் அது. இப்போது மருத்துவர்கள் இதை மூன்று காலமாகப் பிரிக்கிறார்கள்.

முதல் 24 மணி நேரத்துக்குள் வருவது ஒன்று. இதற்குப் பெரும்பாலும் தாய் கர்ப்பத்தில் சாப்பிட்ட மருந்து காரணமாக இருக்கும். வலிப்புக்கான சில மாத்திரைகள், காசநோய் மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் ஆகியவை வைட்டமின் கே-யின் வேலையைக் கெடுக்கும். பிறந்த பிறகு போடும் ஊசி இதற்குப் பிந்திப்போகலாம். அதனால் வலிப்புக்கோ டிபி-க்கோ மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணி, அதை வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது.

அடுத்தது முதல் வாரத்தில் வருவது. தொப்புள்கொடியிலிருந்து கசியும், ஊசி குத்திய இடம் நிற்காமல் கசியும், மலத்தில் ரத்தம் போகும். தடுப்பு மருந்து எதுவும் கொடுக்காவிட்டால் நூற்றில் ஒரு பிள்ளைக்கு முன்பின்னாக இது வரலாம்.

நான் பயப்படுவது மூன்றாவதற்குத்தான். இரண்டாவது வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் வருவது அது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும். ஊசி போடாத பிள்ளைகளில் ஒரு லட்சத்துக்கு 4 முதல் 7 பேருக்கு வரும் என்பது கணக்கு. எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தம் கசியும் இடம் மூளை. பிள்ளை அதற்கு முந்தின நாள் வரை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து, சொந்தக்காரர்கள் பார்த்துப் போய், எல்லாரும் நிம்மதியாக இருக்கிற காலத்தில் வருவது இது.

நம் கரையோரத்தில் இதற்கு இன்னொரு கனமும் சேர்கிறது. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். 1988-ல் சாலைப் பாலம் வரும் வரை தீவிலிருந்து அக்கரைக்கு வர ரயிலையோ படகையோ விட்டால் வழியில்லை. இன்று பாலம் இருக்கிறது, 108 இருக்கிறது. இருந்தும், மூளையில் கசியும் ரத்தம் வண்டி போய்ச் சேரும் வரை காத்திருக்காது. தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு, வந்த பின் செய்யும் வைத்தியத்தைவிட வராமல் தடுக்கும் மருந்து பல மடங்கு பெறுமானம் உள்ளது.

எவ்வளவு, எங்கே, எப்போது

தொடையின் முன்பக்க வெளிப்புறத் தசையில் போடுவார்கள். மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் அன்றே போடுவதால், அதை மற்றத் தொடையில் போடுவது வழக்கம். நன்றாக இருக்கும் பிள்ளையைப் பிறந்ததும் தாயின் மார்பில் கிடத்தி, பால் குடிக்கவிட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஊசி போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூச்சுக்குத் திணறும் பிள்ளை என்றால் முதலில் மூச்சைச் சீர்செய்வார்கள், பிறகுதான் இது. எதுவானாலும் முதல் நாளுக்குள் போட்டுவிட வேண்டும்.

அளவில் கவனம் வேண்டும். இந்திய அரசின் 2014-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 1,000 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள பிள்ளைக்கு 1 மில்லிகிராம். அதற்குக் கீழே என்றால் 0.5 மில்லிகிராம். பிரிட்டனில் சிறு பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் என்று கணக்கிடுகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1,500 கிராம் வரையுள்ள பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.5 வரை என்கிறார்கள். அதாவது, 1,250 கிராம் பிள்ளைக்கு இங்கே 1 மில்லிகிராம் என்றால், பிரிட்டனில் அதில் பாதி. நாட்டுக்கு நாடு மாறுகிறதே என்று குழம்ப வேண்டாம். கடைக்கோடி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிசகாமல் போட வேண்டுமானால் கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பது என் புரிதல். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் எடையைப் பார்த்து அளவைத் தீர்மானித்தால் அதை நம்பலாம்.

ஏன் குறைத்துக் கொடுக்கப் பார்க்கிறார்கள் என்றால், பக்குவப்படாத கல்லீரல் மிகுதியான வைட்டமினைக் கையாளத் திணறலாம் என்பதால். 2006-ல் பிரிட்டனில் 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. தசையில் போட்ட 0.2 மில்லிகிராமே முதல் சில வாரங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதே அளவை நரம்பில் ஏற்றியபோது அது அவ்வளவு நாள் தாங்கவில்லை. தசையில் போட்டால் மருந்து அங்கேயே தங்கி, கொஞ்சங் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். குதிருக்குள் நெல் கொட்டிவைத்து வேளாவேளைக்கு எடுப்பது போல. சில பிள்ளைகளுக்கு வேறு வழியில்லாமல் நரம்பில் கொடுக்க நேரும். அப்போது பிறகு இன்னொரு தடவை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைமாதப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் இரு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு உண்டா என்று 2018-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு இதில் வியப்பில்லை. நிறைமாதப் பிள்ளைகளையே காப்பாற்றுகிறது என்று தெரிந்த மருந்தை, அதைவிட மெலிந்த பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் வைத்துச் சோதித்துப் பார்க்க எந்த மனசு வரும்?

வாய் வழியே சொட்டு மருந்தாகக் கொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சில நாடுகளில் அப்படிப் பல தவணையாகக் கொடுக்கிறார்கள். ஒரு தவணை தப்பினாலும் காப்பு குறைந்துவிடும். அதோடு, இது கொழுப்பில் கரையும் வைட்டமின். குடலில் உறிஞ்சப்பட பித்தநீர் வேண்டும். பால் சரியாகக் குடிக்காத, குடல் பக்குவப்படாத குறைமாதப் பிள்ளைக்கு அது ஒத்துவராது.

பயங்களும் பால் பற்றிய குழப்பமும்

ஊசியால் புற்றுநோய் வரும் என்ற பேச்சு எங்கிருந்தோ கிளம்பி நம் வாட்ஸ்அப் வரை வந்திருக்கிறது. அதற்கு ஒரு மூலம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வு அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. மருத்துவர்கள் அதை அலட்சியமாகத் தள்ளிவிடவில்லை. சுவீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள், வேறு நாடுகளிலும் பார்த்தார்கள். தொடர்பு இல்லை என்றே முடிவு வந்தது.

மஞ்சள் காமாலை வரும் என்ற பயத்துக்குப் பழைய காரணம் ஒன்று இருக்கிறது. வைட்டமின் கே3 என்ற செயற்கை வகை, குறைமாதப் பிள்ளைகளின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் காமாலையைக் கூட்டியது உண்மைதான். இப்போது போட வேண்டியது கே1. கீரையில் இருப்பதும் அதே வகைதான். “கே1-தானே சிஸ்டர்?” என்று கேட்பதில் தவறில்லை. இதே மருந்து பெரியவர்களுக்கான 10 மில்லிகிராம் ஆம்பியூலிலும் (ஊசி மருந்துக் குப்பி) வருகிறது. பிள்ளைகளுக்கென்று வருவது 1 மில்லிகிராம் ஆம்பியூல்.

ஊசி வலிக்கும். பால் குடிக்கும்போதோ, தாயின் நெஞ்சோடு தோல்பட அணைத்திருக்கும்போதோ போட்டால் பிள்ளைக்கு வலி குறைவாகத் தெரியும்.

தாய்ப்பாலில் இந்த வைட்டமின் குறைவு என்று நான் சொன்னதும் அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்ப புட்டிப்பால் வாங்கிறலாமா?” என்றார்கள். வேண்டவே வேண்டாம். பவுடர் பாலில் வைட்டமின் கே சேர்த்திருப்பார்கள் என்பது உண்மை. ஆனால் குறைமாதப் பிள்ளையின் குடலைப் புண்ணாகாமல் காப்பதிலும், தொற்றைத் தடுப்பதிலும் தாய்ப்பாலுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. இந்த ஒரு குறைக்காகப் பாலை விடத் தேவையில்லை. குறையை ஊசி அடைத்துவிடுகிறது.

எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டும் காரல் மீன் குழம்பும் முருங்கைக்கீரையும் பூண்டும் கொடுத்துத் தேற்றுவோம். கொடுங்கள், பெற்றவளுக்குத் தெம்பு வேண்டும். ஆனால் அவள் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் பாலில் இந்த வைட்டமின் பிள்ளைக்குப் போதுமான அளவுக்கு ஏறாது. அதே போல, சேனை வைப்பது, உரைமருந்து புகட்டுவது ஆகியவற்றைக் குறைமாதப் பிள்ளையிடம் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் குடல் அதைத் தாங்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

பிறந்த முதல் ஓரிரு நாள் மலம் தார் போலக் கரும்பச்சையாய்ப் போவது இயல்பு. பால் குடித்து மலம் மஞ்சளான பிறகு மறுபடி கறுத்தாலோ, சிவந்து போனாலோ காட்ட வேண்டும். தாயின் மார்க்காம்பு வெடித்திருந்தால் அந்த ரத்தத்தைக் குடித்தும் பிள்ளை கக்கலாம். பெண் பிள்ளைக்கு முதல் வாரத்தில் சொட்டு ரத்தம் படுவதும் உண்டு. இவற்றையெல்லாம் மருத்துவர் பார்த்துப் பிரித்துச் சொல்வார்.

தொப்புளிலோ மூக்கிலோ கசிவு, அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு, பிள்ளை திடீரென்று வெளுத்துப்போவது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, விடாமல் கக்குவது, கீச்சென்ற அழுகை, உச்சிக்குழி புடைத்துக்கொள்வது, வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மந்திரிக்கவோ, விடியட்டும் என்றோ காத்திருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குப் பிறகும் மஞ்சள் தெளியாமல், மலம் சுண்ணாம்பு போல வெளுத்துப் போனால் பித்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் பிந்தி வரும் கசிவு அதிகம்.

மொட்டை, காதுகுத்து, சுன்னத்து எதுவானாலும் நாள் குறிக்கும் முன் பிள்ளையின் அட்டையை எடுத்து வைட்டமின் கே போட்டதாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஏழாம் நாள் முடி இறக்கும் வீடுகளுக்கும் இதையே சொல்வேன். குறைமாதப் பிள்ளை என்றால் மருத்துவர் சரி சொல்லும் வரை தள்ளிவைக்கலாம்.

அன்று எங்கள் பிள்ளைக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. செவிலியர் பிறந்த இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். போடவில்லை. பிள்ளை உடனே அழாததால் மூச்சைக் கொண்டுவருவதிலும் வண்டி பிடிப்பதிலும் அது விட்டுப்போயிருந்தது. அங்கே இருந்தவர்கள் அவன் உயிரைப் பிடித்துக் கொடுத்தவர்கள்; அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் குறைமாதப் பிள்ளைகள்தான் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு மாறுகிறவர்கள். அங்கே போட்டிருப்பார்கள் என்று இவர்களும், போகிற இடத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டால், எந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டுமோ அந்தப் பிள்ளைக்கே விடுபட்டுவிடும். இரண்டு இடத்திலும் போட்டுவிடுவதும் நடக்கலாம். வண்டியில் ஏறும் முன் சீட்டை வாங்கி, மருந்தின் பெயர், அளவு, போட்ட மணி மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

எங்கள் பிள்ளைக்கு ஆறாவது மணி நேரத்தில் போட்டார்கள். அவன் ஈனஸ்வரத்தில் அழுதான். செவிலியர் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே, அட்டையில் நேரத்தை எழுதி எங்களிடம் காட்டினார். எட்டாம் மாதத்துப் பிள்ளை தங்காது என்று காலையிலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தை ஒருதரம் வாசித்துப் பார்த்தார்கள். பிறகு அட்டையை மடித்து, மடியில் செருகிக்கொண்டார்கள்.